துளையிட்ட அட்டையும் ஹெர்மன் ஹாலரித்தும்

இக்காலத்திற் புள்ளியியல் பயிலும் மாணவர் எவரும் கணினியின் துணையின்றித் தம் பாடத்தை நடத்துதல் அரிது. ஆயிரக்கணக்கானோரைப் பற்றிய செய்திகள் தரவுத்தளம் எனப்படும் ஒரு பண்டகசாலையிற் கிடக்கும். அவற்றை எண்ணியும் பகுத்தும் ஒப்பிட்டும் கூறுகின்ற மென்பொருள் வேறோரிடத்தில் நிற்கும். இரண்டும் செம்மையாக இருந்தும் இடையேயுள்ள இணைப்பு அறுந்துவிடின் ஒன்றால் மற்றொன்றுக்குப் பயனில்லை. குதிர் நிறைய நெல்லிருப்பவும் திறவுகோல் கிடையாமையால் அடுப்பெரியாத வீட்டைப் போன்றது அந்நிலை. யாம் தமிழ் பயில்வோரேயாயினும், புள்ளியியல் பயிலும் நண்பர் சிலர் இவ்விணைப்பு வாய்க்காமல் இரவெல்லாம் கண்விழித்து வருந்துவதைக் கண்டிருக்கிறோம். இத்தொல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அட்டையிற் பதிந்த செய்திக்கும் அதனை எண்ணும் பொறிக்கும் நடுவே மின்சாரத்தாற் பாலமிட்டு, அப்பாலம் இற்றுப்போயின் அதனை அக்கணமே அறிதற்கும் வழிகண்டவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஹெர்மன் ஹாலரித் என்னும் அவரது வாழ்க்கையை எம்மால் இயன்ற அளவு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஹாலரித் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் நியூயார்க் மாகாணத்துப் பபலோ நகரிற் பிறந்தார். நான்காண்டுகளுக்கு ஒருமுறையே வருகின்ற நாள் அது. 1900-ஆம் ஆண்டு நெட்டாண்டாக அமையாமையால், 1896-க்குப் பின் 1904 வரையில் அவருக்குப் பிறந்தநாளே வரவில்லை. பிற்காலத்தில் எண்களோடு ஓயாது போராடியவருக்கு இஃது ஏற்றதொரு தொடக்கமே. அவருடைய பெற்றோர் ஜெர்மனி நாட்டினர். அந்நாட்டில் 1848-இல் நிகழ்ந்த கிளர்ச்சிக்குப் பின்னர் அமெரிக்காவிற் குடியேறினர். தந்தையார் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த ஆசிரியர். மகன் சிறுவனாயிருந்த போதே அவர் காலமானார். தாயார் உறவினரின் உதவியை வேண்டாது, மகளிர் அணியும் தொப்பிகளைச் செய்து விற்று, தம் மக்களை வளர்த்தார்.

மொழியாசிரியர் மகனாகிய நம் ஹாலரித்துக்கு எழுத்துப்பிழையின்றிச் சொற்களை எழுதுதல் மட்டும் வாய்க்கவேயில்லை. அதனைத் திருத்த முனைந்த ஆசிரியர் ஒருவருடைய கண்டிப்புக்கு அஞ்சி, அவர் வகுப்பறையின் சன்னல் வழியே குதித்தோடினார் என்று சொல்லப்படுகிறது. பின்னர் லுத்தரன் திருச்சபைக் குருவானவர் ஒருவர் அவருக்குத் தனியே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். எழுத்துக்கு அஞ்சி ஓடிய சிறுவன், எழுத்தே இல்லாமல் வெறுந் துளைகளாற் செய்தியைப் பதியும் முறையைப் பின்னாளிற் கண்டான் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு நகை தோன்றும்.

1875-இல் நியூயார்க் நகரக் கல்லூரியிற் சேர்ந்தார். அதன்பின் கொலம்பியாவின் சுரங்கவியற் கல்லூரியிற் பயின்று, 1879-இற் பட்டம் பெற்றார். ஆங்குப் பேராசிரியராக விளங்கிய டிரோபிரிட்ஜ் என்பார், அரசியலாரின் குடிமதிப்புப் பணியிலும் பங்கு கொண்டிருந்தார். மாணவரின் திறமையை அறிந்த அவர், 1880-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தமக்கு உதவியாளராக அவரை அமர்த்திக்கொண்டார். சுரங்கம் அகழப் பயின்றவர் மக்கட்கணக்கைக் கிளறும் வேலைக்கு வந்து சேர்ந்தது இங்ஙனமே.

குடிமதிப்பு என்பது மக்களின் தலைகளை எண்ணுவது மட்டுமன்று. ஆடவர் எத்துணையர், மகளிர் எத்துணையர், அவருள் மணமானவர் எவர், வேற்றுநாட்டிற் பிறந்தவர் எவர், எழுதப்படிக்க அறியாதவர் எவர், இன்ன தொழில் புரிவோருள் இன்ன வயதினர் எத்துணையர் என்றிவ்வாறு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே செல்லும். 1880-இல் அமெரிக்க மக்கள் ஐந்து கோடியர். அவர்களைப் பற்றிய பட்டிகளை எழுத்தர் கையிலெடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, தாளிற் கோடு கிழித்து எண்ணினர். ஒரு கேள்விக்கு விடை காண ஒருமுறை எல்லாப் பட்டிகளையும் புரட்டவேண்டும். மற்றொரு கேள்விக்கு மறுமுறை புரட்டவேண்டும். கண் அயர்ந்து ஒரு வரியைத் தவறவிடினும், ஒரு வரியை இருமுறை எண்ணினும், தவறியதைக் காட்டிக்கொடுப்பார் யாருமிலர். அக்கணக்கு முற்றும் முடிந்து வெளிவர ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. மக்களோ ஆண்டுதோறும் பெருகினர். அடுத்த கணக்கு முடிவதற்குள் அதற்கடுத்தது வந்துவிடும் என்னும் அச்சம் அலுவலகத்தாரிடையே எழுந்தது.

அவ்வலுவலகத்திற் பிறப்பு இறப்புக் கணக்குகளை நடத்தியவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் மருத்துவர். பின்னாளில் நியூயார்க் பொதுநூலகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய பெருமகன் இவரே. ஒரு ஞாயிறு மாலையில் இவரது இல்லத்தில் உணவருந்திக்கொண்டிருந்த போது, இவ்வெண்ணும் வேலையைச் செய்வதற்கு ஒரு பொறி இருத்தல் வேண்டும் என்று பில்லிங்ஸ் இளைஞரான ஹாலரித்திடம் கூறினார். ஒவ்வொருவரைப் பற்றிய செய்தியையும் அட்டையின் விளிம்பில் வெட்டுக்களாகக் குறிக்கலாம் என்பதும் அவர் கருத்து. ஹாலரித் அதனைச் சிந்தித்து, சில நாட்களுக்குப் பின் அவரிடமே சென்று, இருவரும் கூடி அம்முயற்சியில் இறங்கலாம் என அழைத்தார். பில்லிங்ஸோ, இவ்விடர்ப்பாடு தீர்ந்தாற் போதும், தமக்கு அதிற் பங்கு வேண்டா என்று மறுத்துவிட்டார். கருத்தைக் கொடுத்துவிட்டுப் பயனைக் கருதாது விலகிய இம்மருத்துவரை யாம் பெரிதும் மதிக்கின்றோம். ஹாலரித்தும் தம் முதுமை வரையில் அந்த நன்றியை மறவாது கூறிவந்தார்.

1882-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சென்று ஓராண்டு கற்பித்தார். ஆசிரியத் தொழில் அவர்க்கு உவப்பளிக்கவில்லை. ஆண்டுதோறும் அதே பாடத்தைத் திரும்பச் சொல்லுதல் அவர் இயல்புக்கு ஒவ்வாததாயிற்று. பின்னர் வாஷிங்டன் நகரிற் காப்புரிமை அலுவலகத்திற் சிலகாலம் பணியாற்றி, ஒரு புதுமையைச் சட்டத்தின் காவலில் வைப்பது எங்ஙனம் என்பதை நன்கு கற்றுக்கொண்டார். 1884-ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார்.

அவ்விண்ணப்பத்திற் கண்ட பொறி அட்டையைக் கொண்டதன்று. நீண்டதொரு காகித நாடாவிற் துளைகளிட்டு, அதனை ஓர் உருளையின்மீது ஓட்டி, துளை வருமிடத்து மின்சாரம் பாய்ந்து எண்ணும்படி அமைத்திருந்தார். அதன் குறையை அவரே விரைவிற் கண்டார். நாடாவின் நடுவே கிடக்கும் ஒருவரைப் பற்றி அறிய வேண்டின், நாடா முழுவதையும் ஓடவிட வேண்டும். பிழையான ஒரு பதிவை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தலும் இயலாது. சீனத்தாரை மட்டும், அல்லது கைம்பெண்களை மட்டும், தனியே பிரித்தெடுத்து எண்ணுவதும் கூடாது. ஆகவே, ஒருவருக்கு ஓர் அட்டை என்னும் முடிவுக்கு வந்தார். எத்துணைக் கோடி அட்டைகளாயினும் அவற்றை விரும்பியவாறு அடுக்கலாம், கலைக்கலாம், மீண்டும் அடுக்கலாம். தரவுத்தளங்களில் இந்நாள்வரை ஆளப்படும் அடிப்படைக் கருத்துக்களுள் இதுவும் ஒன்று.

துளையிடும் எண்ணம் அவருக்கு இரயில் வண்டியில் உதித்தது. அக்காலத்திற் பயணச்சீட்டைத் திருடி வேறொருவர் பயன்படுத்தாதபடி, வண்டியின் நடத்துநர் சீட்டின் ஓரத்தில் துளைகளிட்டு, பயணியின் மயிர் நிறம், கண்ணின் நிறம், மூக்கின் அளவு முதலியவற்றைக் குறித்து விடுவார். சீட்டிலேயே ஆளின் உருவம் இருந்தது. இதனைக் கண்ட ஹாலரித், ஒவ்வொரு குடிமகனுக்கும் இத்தகைய உருவம் ஒன்றை அட்டையில் அமைக்கலாம் என்று துணிந்தார். நம் முன்னோரும் பனையோலையில் துளையிட்டனர். அத்துளை கயிறு கோப்பதற்கு, பொருளோ எழுத்தில் இருந்தது. இவருடைய அட்டையிலோ துளையே பொருளாயிற்று.

இம்முயற்சி நடைபெறும் காலத்தில், இரயில் வண்டிகளுக்கு மின்சாரத்தால் இயங்கும் தடை ஒன்றையும் அவர் அமைத்தார். அதில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. வெஸ்டிங்ஹவுஸ் என்பாரின் காற்றுத்தடையே நிலைத்தது. அதனை விடுத்து நம் பொருளுக்கு வருவோம்.

பால்டிமோர் நகரத்தின் இறப்புக் கணக்கை எண்ணும் பணியே அவர் பொறிக்கு முதற் சோதனையாக வாய்த்தது. அவ்வட்டைகளை அவர் நடத்துநர் கையாளும் சிறு துளைக்கருவியாலேயே துளைத்தார். அக்கருவி விளிம்புக்கு அப்பால் எட்டாது. ஆயிரம் ஆயிரமாகத் துளைத்தமையால் கையும் மரத்துப்போயிற்று. இவ்வருத்தத்தினின்று பிறந்ததே அவரது மேசைத் துளைக்கருவி. ஒரு கைப்பிடியின் முனையை, எழுத்துக்கள் பொறித்த தகட்டிலுள்ள குழி ஒன்றில் அழுத்தினால், மறுபுறத்தில் அட்டையின் அதே இடத்தில் துளை விழும். எழுத்தர் அட்டையைப் பாராமல் தகட்டைப் பார்த்தாற் போதும்.

இனி, அட்டையைப் படிக்கும் பொறியைச் சிறிது விரித்துரைப்பாம். ஹாலரித்தின் அறிவு முழுதும் இதில்தான் விளங்குகின்றது. 1890-இன் அட்டையிற் துளையிடுதற்குரிய இடங்கள் 288 இருந்தன. பொறியின் முன்னே ஒரு கட்டைத்தளம். அதில் அந்த இடங்களுக்கு நேரே சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் சிறிது பாதரசம். ஒவ்வொரு குழியினின்றும் ஒரு கம்பி பின்புறம் செல்லும். அட்டையைத் தளத்தின்மேல் வைத்து, மேலுள்ள கைப்பிடியைக் கீழே இழுத்தால், வில் பொருத்திய ஊசிகள் பல ஒருங்கே இறங்கும். அட்டையில் துளையில்லாத இடத்தில் ஊசி தடையுண்டு வில்லோடு உள்ளே ஒடுங்கும். துளையுள்ள இடத்தில் ஊசி ஊடுருவிப் பாதரசத்தைத் தொடும். தொட்ட அளவில் மின்சாரத்தின் வழி கூடும். எதிரே சுவர்க்கடிகாரங்களை வரிசையாகப் பதித்தாற்போல் 40 எண்முகங்கள் நிற்கும். வழி கூடியவற்றுக்குரிய முகங்களின் முள் மின்காந்தத்தால் ஒவ்வோர் எண் நகரும். அதே நேரத்தில் பக்கத்திலுள்ள பெட்டியின் அறைகளுள் ஒன்றன் மூடி தானே திறக்கும். பணியாளர் அட்டையை அதில் இட்டு மூடிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக யாம் வியப்பது ஒரு சிறு மணியை. ஊசிகள் செவ்வனே இறங்கி, மின்வழி முழுமையாகக் கூடி, எண்முகங்கள் நகர்ந்துவிட்டால் அம்மணி ஒலிக்கும். அட்டை கோணலாக வைக்கப்பட்டிருந்தாலோ, இடவேண்டிய துளை இடப்படாது போயிருந்தாலோ, மணி ஒலிக்காது. அவ்வட்டையை எடுத்துத் தனியே வைத்து, பட்டியோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவர். அட்டையைத் தலைகீழாக வைத்தலைத் தடுப்பதற்கென்றே அதன் ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தது. எண்ணுவதற்கு ஒரு பொறி செய்தல் அறிவுடைமை. எண்ணாமற் போனதை எண்ணாமற் போனேன் என்று தெரிவிக்கும் பொறி செய்தல் அதனினும் பேரறிவு. 1880-இன் எழுத்தர் தவறினால் அறிவிப்பாரில்லை என்று மேலே கூறினோம். அக்குறையே இம்மணியால் நீங்கிற்று.

மணி ஒலிக்காதவழிப் பணியாளர் முதலில் அட்டையை நோக்குவர்: மூலை சரியாக அமைந்ததா, துளைகள் நிறைவா என்று. அட்டையிற் குற்றமில்லையேல் ஊசியை நோக்குவர். ஊசியிற் குற்றமில்லையேல் குழியிற் பாதரசம் உண்டா என்பதையும், அதன்பின் கம்பி விட்டுப்போயிற்றா, மின்கலம் வலிகுன்றிற்றா என்பதையும் ஆராய்வர். செய்தி புறப்படும் இடத்தினின்று அது சேருமிடம் வரையில் ஒவ்வோர் அடியாகச் செல்லும் இம்முறையையே எம் நண்பரும் இன்று கையாளுகின்றனர். தரவுத்தளம் இருக்கின்ற கணினி இயங்குகின்றதா. அதன் முகவரியும் துறை எண்ணும் பிழையின்றி எழுதப்பட்டனவா. இடைநின்று மொழிபெயர்க்கும் ஓடிபிசி டிரைவர் நிறுவப்பட்டுள்ளதா. மென்பொருள் 64 பிட்டாகவும் டிரைவர் 32 பிட்டாகவும் இருந்து ஒன்றையொன்று காணாமல் நிற்கின்றனவா. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒத்தனவா. ஒத்தாலும் அப்பட்டியலைப் படிக்கும் உரிமை அவருக்கு அளிக்கப்பட்டதா என்று வரிசையாகப் பார்த்துச் செல்கின்றனர். நடுவே ஒன்றைத் தாண்டிக் குதித்தவர் பெரும்பாலும் பொழுதை வீணாக்குகின்றனர்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இணைப்பு அறுந்து, பிழைச்செய்தி திரையில் தோன்றுமாயின் அது நல்லூழே. மணி ஒலிக்கவில்லை என்று கொள்ளலாம். இணைப்பு இருப்பதுபோலத் தோன்றி, எண்ணாக வரவேண்டிய நிரல் எழுத்தாக வந்து, விடுபட்ட இடங்கள் சுழியென்று கருதப்பட்டு, சராசரியும் பிறவும் அழகிய அட்டவணையாக வெளிப்படுவதுதான் கொடிது. ஆங்கு மணி பொய்யாக ஒலிக்கின்றது. இதனைத் தடுக்க, தரவுத்தளத்திலுள்ள வரிகள் எத்துணை, மென்பொருளுக்கு வந்து சேர்ந்த வரிகள் எத்துணை என்று முதலிலேயே ஒத்துப்பார்ப்பது நலம். 1890-இன் அலுவலகத்தாரும் ஓர் ஊரின் அட்டைகளின் தொகையையும் முன்னரே அறிந்த மக்கள் தொகையையும் ஒத்துப்பார்த்தே மேற்சென்றனர்.

பொறி எத்துணைச் செம்மையாயினும் அதனை நடத்துவோர் மாந்தரே. அலுவலகத்திற் சில பொறிகள் அடிக்கடி பழுதாகி நின்றன. பழுதுபார்ப்போர் வந்து நோக்கினால் குழியிற் பாதரசம் இராது. பாதரசம் ஆவியாயிற்றோ என ஐயுறுதற்கும் இடமில்லை. களைத்த பணியாளர் எவரேனும், கண்ணுக்கு மருந்திடும் சிறு குழலால் அதனை உறிஞ்சி, எச்சிற்படிக்கத்திற் பீச்சிவிட்டு, பழுது நீங்கும் வரை இளைப்பாறினர் என்று சொல்லப்படுகிறது. இத்தகைய பழுதைக் கண்டறியும் வழி எந்நூலிலும் எழுதப்படவில்லை.

1889-இல் அடுத்த குடிமதிப்புக்கு உரிய முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு போட்டி நடத்தப்பட்டது. வண்ணத் தாள்களையும் வண்ண அட்டைகளையும் கையாற் பிரித்தெண்ணும் முறைகள் இரண்டு ஹாலரித்தின் முறையோடு எதிர்நின்றன. முந்திய குடிமதிப்பில் செயின்ட் லூயி நகரின் ஒரு பகுதியிலிருந்த 10,491 பேருடைய பட்டிகள் மூவருக்கும் கொடுக்கப்பட்டன. செய்தியை அட்டையில் ஏற்றுதற்கு ஹாலரித்துக்கு ஆன நேரம் சுமார் 72½ மணி. இதில் அவரே முந்தினார். எண்ணிப் பகுத்தலிலோ மற்றையோர்க்கு 44½ மணியும் 55½ மணியும் ஆக, ஹாலரித் 5½ மணியில் முடித்தார். அவர் முறையே ஏற்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியிலேயே காப்புரிமைகளும் அவருக்குக் கிட்டியிருந்தன.

1890-இன் குடிமதிப்பு தொடங்கிற்று. முதலில் மொத்தத் தொகை மட்டும், பட்டிகளைப் பார்த்து விசைகளைத் தட்டி எண்ணும் கருவியால், இருமுறை எண்ணப்பட்டது. ஆறு வாரங்களில் அது முடிந்தது. சுமார் 6 கோடி 26 இலட்சம் பேர் என்று அறிவிக்கப்பட்ட போது நாட்டில் மகிழ்ச்சி உண்டாகவில்லை. தம் நாடு இன்னும் பெரிதென்று எண்ணியிருந்தவர் பலர். செய்தித்தாள்கள் பொறியையே பழித்தன. தாம் எதிர்பார்த்த விடை வராதபோது கருவியைக் குறைகூறும் வழக்கம் அன்றும் இருந்தது போலும்! அதன்பின் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையாக, ஆறு கோடிக்கு மேற்பட்ட அட்டைகள் துளைக்கப்பட்டுப் பொறியில் ஓடின. துளையிடுவதிலும் எண்ணுவதிலும் மகளிர் பலர் அமர்ந்து, ஆடவரினும் விரைவாகவும் பிழை குறைந்தும் பணியாற்றினர். எண்ணுதல் முன்னையினும் பல ஆண்டுகள் முந்தி முடிந்தது. செலவு மட்டும் குறையவில்லை. மொத்தத்திற் கூடவே ஆயிற்று. பொறி விடை தரும் என்று கண்டவுடன் அலுவலகத்தார் முன் கேளாத கேள்விகளையெல்லாம் கேட்கத் தொடங்கினர்.

அவ்வாண்டு ஹாலரித்துக்கு எல்லா நலமும் கூடிவந்தது. தம் பொறியைப் பற்றி எழுதிய ஆய்வுக்காகக் கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. பிராங்க்ளின் கழகம் எலியட் கிரெசன் பதக்கம் வழங்கிற்று. செப்டம்பரில் லூசியா டால்காட் என்னும் நங்கையை மணந்தார். இவர்களுக்கு மக்கள் அறுவர். ஆஸ்திரியா, கனடா முதலிய நாடுகள் அவர் பொறியைத் தம் குடிமதிப்புக்கு ஏற்றன. 1897-இல் ருசியப் பேரரசும் ஏற்றது. வியன்னாவில் ஆட்டோ ஷேஃப்லர் என்பார் அதிலொரு திருத்தம் செய்தார். ஹாலரித்தின் பொறியிற் கேள்வி மாறுந்தோறும் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பற்றவைத்தல் வேண்டும். ஷேஃப்லர், தொலைபேசி நிலையத்திற் செய்வதுபோல, செருகிகளை இடம் மாற்றிக் குத்தினால் இணைப்பு மாறும்படி ஒரு பலகையை அமைத்தார். ஹாலரித்தும் பிற்காலப் பொறிகளில் அத்தகைய பலகையைக் கைக்கொண்டார்.

குடிமதிப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இடைக்காலத்தில் பொறிகள் உறங்கும். பொறி செய்தவர் பசித்திருத்தல் வேண்டும். ஆதலின் ஹாலரித் வணிகரை நாடினார். நியூயார்க் சென்ட்ரல் இரயில்வேயின் சரக்குக் கணக்குகள் அவருக்கு வாய்த்தன. தலைகளை எண்ணுதல் வேறு, தொகைகளைக் கூட்டுதல் வேறு; ஆகவே கூட்டவும் வல்ல பொறியை அமைத்தார். 1896-இல் அட்டவணைப் பொறிக் கம்பெனியைத் தொடங்கினார். பொறிகளை விற்பதில்லை, வாடகைக்கே விடுவது என்பது அவரது உறுதி. பழுதானால் தம் ஆட்களே சென்று பார்ப்பர். அட்டையும் தம்மிடமே வாங்குதல் வேண்டும். மட்டமான அட்டை ஊசியைக் கெடுக்கும் என்பது அவர் கூறிய காரணம். அதில் உண்மை உண்டு, ஊதியமும் உண்டு.

1900-இன் குடிமதிப்பும் அவர் பொறிகளாலேயே நடந்தது. பின்னர் அலுவலகத்துக்குத் தலைவராக வந்த நார்த் என்பார், வாடகை மிகுதி என்று குறைக்கக் கேட்டார். ஹாலரித் இசையவில்லை. 1905-இல் தம் பொறிகளையெல்லாம் அலுவலகத்தினின்றும் எடுத்துக்கொண்டார். முதற் காப்புரிமைகளின் காலமும் அடுத்த ஆண்டில் முடிவுற இருந்தது. அலுவலகத்தார் தாமே ஒரு தொழிற்கூடம் அமைத்து, ஜேம்ஸ் பவர்ஸ் என்னும் பொறிவல்லாரை அமர்த்திப் புதிய பொறிகளைச் செய்துகொண்டனர். 1910-இன் குடிமதிப்பு அவற்றால் நடந்தது. ஹாலரித் வழக்குத் தொடுத்தார், தோற்றார். பவர்ஸும் தனியே கம்பெனி தொடங்கி, அவருக்கே எதிராளியானார். யாம் நினைப்பது இது: கம்பி அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று பொறுமையாகத் தேடிக் கண்டவர், மனிதரோடு பிணக்கு நேர்ந்தபோது அவ்வாறு தேடினாரில்லை. அவர் முன்கோபி என்பதை அவரை அறிந்தோர் மறைக்கவில்லை. எனினும் தாம் இருபதாண்டு உழைத்து ஆக்கியதற்கு மற்றொருவர் விலை குறிப்பதை எவர்தாம் எளிதிற் பொறுப்பர்?

1911-இல் அவரது கம்பெனி, கடிகாரப் பொறியும் தராசும் செய்யும் வேறு கம்பெனிகளோடு சேர்க்கப்பட்டது. தம் பங்குகளுக்காக அவர் பத்து இலட்சம் டாலருக்கு மேற்பெற்றார். சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். ஆனால் 1914-இல் வந்த தாமஸ் வாட்சன் என்னும் புதிய மேலாளரின் போக்கு அவர்க்கு ஒத்துவரவில்லை. 1921-இல் முற்றும் ஓய்வு பெற்று, மேரிலாந்திற் பண்ணை ஒன்றில் கெர்ன்சி இனப் பசுக்களை வளர்த்து மகிழ்ந்தார். 1924-இல் அக்கம்பெனி ஐ.பி.எம். என்னும் பெயர் பூண்டது.

அவர் ஓய்வு பெற்ற அவ்வாண்டு ஜனவரியில் வாஷிங்டனில் வாணிபத் துறைக் கட்டடத்தில் தீப்பற்றியது. 1890-இன் மூலப் பட்டிகளிற் பெரும்பாலானவை எரிந்தும் நனைந்தும் பெரிதும் பழுதுற்றன. இன்று தம் மூதாதையரைத் தேடும் அமெரிக்கர் அவ்வாண்டில் வந்து திகைத்து நிற்கின்றனர். ஹாலரித்தின் பொறி எண்ணித் தந்த தொகைகள் நிலைத்துள்ளன. எண்ணப்பட்டவர் பெயர்களுள் மிகப் பெரும்பாலானவை இல்லை.

மற்றொரு செய்தியையும் மறைத்தல் தகாது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில் 1933-இலும் 1939-இலும் எடுத்த குடிமதிப்புக்களை ஹாலரித்தின் பெயர் தாங்கிய பொறிகளே எண்ணின. 1939-இன் பட்டியில் ஒவ்வொருவருடைய பாட்டன் பாட்டியரும் யூதரா என்று வினவப்பட்டது. தந்தையார் விட்டுப் பிரிந்த நாட்டில், மகனார் இறந்தபின் நிகழ்ந்தது இது. துளை சரியாக இருந்தால் மணி ஒலிக்கும். கேள்வி சரியா என்பதை அம்மணி அறியாது.

ஹாலரித் 1929-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் வாஷிங்டனில் மாரடைப்பால் உயிர்நீத்தார். ஜார்ஜ்டவுனில் ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முந்திய ஆண்டுதான் 80 நிரல்கள் கொண்ட புதிய அட்டையை ஐ.பி.எம். வெளியிட்டிருந்தது. அவ்வட்டை கணினிகள் தோன்றிய பின்னும் பல ஆண்டுகள் நின்று, பிறகு மெல்ல மறைந்தது. ஆயினும் சாஸ் என்னும் புள்ளியியல் மென்பொருளில், தரவுத்தளத்தோடு இணைப்பின்றி எண்களை நேரே எழுதிக் கொடுக்க விரும்புவோர், எண்களுக்கு முன்னே கார்ட்ஸ் என்னும் கட்டளைச் சொல்லை இன்றும் இடலாம். அட்டையைக் கண்ணாற் கண்டறியாத எம் நண்பரும் அச்சொல்லை இட்டே எழுதுகின்றனர்; பொறியும் அதனை ஏற்றுக்கொள்கின்றது.